கல் பிள்ளையின் கன்னத்துப் பொட்டு

மாபிள் கல்லுச் சிலையில் பார்வையாளர் கை வைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று புது வழிகாட்டிகளான உங்கள் பயிற்சிக் கையேட்டில் இருக்கிறது. சூயிங்கம் ஒட்டினால் என்ன செய்வது என்றும் இருக்கிறது; அதை எழுதியவர் நிறையப் பட்டவர் போலும். பொட்டு வைத்தால் என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. எனக்கு அதுதான் நடந்தது.

போன மாதம் நீங்கள் என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டபோது உங்களில் ஒரு பிள்ளை கேட்டது: “அன்ரி, மியூசியம் ரூர் நடக்கேக்க ஏதும் பிரச்சினை வந்தா என்ன செய்வீங்கள்? பொலிசியைப் பாப்பீங்களா, இல்லாட்டி ஜஸ்ட் உங்கட ஃபீலிங்ஸா?” அப்போது வாயில் ரோல்ஸ் இருந்ததால் தப்பினேன். வீட்டுக்கு வந்த பிறகும் கேள்வி விடவில்லை. பேசச் சொன்னால் நான் சுற்றி வளைப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நான் இலங்கையை விட்டுக் கனடாவில் ரொறன்ரோவுக்கு வந்தது எண்பத்துநான்கில். ஊரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திரம் படிப்பித்தவள். இங்கே வந்து மிசிசாகாவில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கினேன். ஒரு தட்டுக்கு ஒரு பாண், ஒரு பட்டர், ஒரு பிளாஸ்டிக் கரண்டி. பேரரசுகள் எழுந்து விழுந்த கதையெல்லாம் தலைக்குள் வைத்துக்கொண்டு கரண்டி அடுக்குவது லேசான காரியமில்லை. ஒரு வருடம் தாக்குப்பிடித்தேன். பிறகு நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நூதனசாலைக்கு வழிகாட்டி தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன்.

அது ஒரு சிவப்புச் செங்கல் வீடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஒரு பெண் சிற்பி வாழ்ந்தார். முன்பக்கம் வீடு, பின்பக்கம் பட்டறை. பெரிய நூதனசாலைகளுக்குப் போகிற சுற்றுலா பஸ் எங்கள் வாசலில் நிற்காது. வழி தவறியவர்களும், மழைக்கு ஒதுங்கியவர்களும், உண்மையாகவே கல்லை விரும்புகிறவர்களும் வருவார்கள். இந்த மூன்றாவது வகையினர் குறைவு.

வீட்டின் பொறுப்பாளர் ஓர் உயரமான வெள்ளைக்கார அம்மா. எந்நேரமும் வாயில் பெப்பர்மின்ட் இருக்கும். அது கடிபடுகிற சத்தத்தை வைத்து அவருடைய மனநிலையைச் சொல்லிவிடலாம். நேர்முகத்தில் அவர் என்னிடம் படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பட்டறைக்குள் கூட்டிப்போய் ஒரு சின்னப் பெண்ணின் மாபிள் சிலைக்கு முன்னால் நிறுத்தி, “இவள் எதைப் பார்க்கிறாள்?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். “நல்லது. உனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்று சொன்னார்கள்” என்றார். வேலை கிடைத்தது.

அந்தச் சிற்பியின் பெயரைத் தமிழில் எழுதினால் அவருக்கே அடையாளம் தெரியாது. நான் அவரை வீட்டுக்காரி என்றுதான் சொல்வேன். ஜன்னல் சட்டம் இறுகினாலும், கூரை ஒழுகினாலும், “வீட்டுக்காரி இண்டைக்குக் கோபம்” என்று நான் எனக்குள் சொல்லிக்கொள்வேன். அவருடைய சீவியத்தைச் சொல்வதுதான் என் தொழில். ஒரு நாளில் பல தடவை சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் ஒருமுறை சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்தது அதனால்தான் நடந்தது.

வீட்டுக்காரி கல்லறைக் கல் வெட்டுகிறவரின் மகள். தாய் இளவயதிலேயே இறந்துபோனார். ஆண்பிள்ளை இல்லை. ஆகவே உளி மகளின் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் இங்கே குளிர்காலத்தில் குழி வெட்ட முடியாது. நிலம் இறுகிக் கிடக்கும். இறந்தவர்களை ஒரு கட்டடத்தில் வைத்திருந்து, பனி கரைந்த பிறகு அடக்குவார்கள். ஆகவே கல் வெட்டுகிறவருக்கு வசந்தகாலத்தில் மூச்சு விட நேரமிருக்காது. குழந்தைகளின் கல்லில் படுத்திருக்கிற ஆட்டுக்குட்டி ஒன்று செதுக்குவது வழக்கம். அந்த ஆட்டுக்குட்டிகளைத் தகப்பன் மகளிடம் விட்டுவிட்டார். மற்றப் பிள்ளைகள் கயிறு அடித்து விளையாடுகிற வயதில் இவர் செத்துப்போன குழந்தைகளுக்கு ஆட்டுக்குட்டி செதுக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு தனியாகக் கப்பல் ஏறி இத்தாலிக்குப் போனார். ஊர் என்ன கதைத்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். அங்கே ஆண் மாணவர்கள் ஆளை நிறுத்தி உடலமைப்பைப் படிக்கலாம், பெண்கள் படிக்கக் கூடாது. இவர் இறைச்சிக் கடையில் ஆட்டுத் தொடை வாங்கி, தசை எலும்பில் எப்படி ஒட்டுகிறது என்று பார்த்துக் கீறிப் படித்துவிட்டு, பிறகு அதையே சமைத்துச் சாப்பிட்டாராம். இந்த இடத்தில் பார்வையாளர்கள் தவறாமல் சிரிப்பார்கள். சிரிக்க விடுங்கள். அடுத்து வருவது சிரிப்பில்லை.

திரும்பி வந்து இந்தப் பட்டறையைத் தொடங்கினார். நகரத்துப் பெரிய மனிதர் ஒருவரின் சிலை செய்யும் வேலை கிடைத்தது. பாதி வேலையில் ஒரு கதை கிளம்பியது: இதைச் செய்வது அவளில்லை, அவளிடம் சம்பளத்துக்கு நிற்கிற ஆண்கள்தான். அந்தக் காலத்தில் எந்தச் சிற்பியும் களிமண்ணில் உருவம் செய்து கொடுக்க, வேலையாட்கள்தான் கல்லைப் பருவெட்டாக உடைத்து உருவத்துக்குக் கிட்டக் கொண்டுவருவார்கள். ஆண் சிற்பிகளும் அப்படித்தான். அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை, இவரிடம் கேட்டார்கள். “வேலையாட்களை ஒளித்து வை. எல்லாம் நானே செய்தேன் என்று சொல்லிவிடு” என்று சிநேகிதர்கள் புத்தி சொன்னார்கள்.

வீட்டுக்காரி பட்டறைக் கதவை விரியத் திறந்து ஊரைக் கூப்பிட்டார். சிலைக்குப் பக்கத்தில் வேலையாட்களை நிற்கவைத்தார். “கல்லை உடைத்தவர் இவர். உடுப்பின் மடிப்பு இவருடைய வேலை. முகமும் கைகளும் நான். மற்றவர் செய்ததை என்னுடையது என்று சொல்லமாட்டேன், நான் செய்ததை மற்றவருக்குக் கொடுக்கவும் மாட்டேன்” என்றார்.

சிலையைச் செய்யக் கொடுத்த நகரசபையினர் கேட்டார்கள். கேட்டுவிட்டு அந்த வேலையை அவரிடமிருந்து எடுத்து ஓர் ஆணிடம் கொடுத்தார்கள். உண்மை சொன்னால் உடனே பரிசு கிடைக்கும் என்று நம்புகிறவர்களின் முகம் இங்கே சுருங்கும். எனக்கும் முதல் தடவை சுருங்கியது.

அதற்குப் பிறகு பெரிய சிலை ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. தங்கை ஒரு பெண் குழந்தையை விட்டுவிட்டு இறந்துபோக, அந்தப் பிள்ளையைத் தானே வளர்த்தார். அந்தப் பிள்ளையைத்தான் கடைசியாகக் கல்லில் செய்தார். ஒரு படியில் உட்கார்ந்து, ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் கால் வெறுங்காலுமாக, முகத்தைத் தூக்கி யாரையோ பார்க்கிற பிள்ளை. நான் அதற்கு வைத்த பெயர் கல் பிள்ளை. அதன் கன்னத்தைப் பார்த்தால் கிள்ளத் தோன்றும். வளர்ந்து கிழவியான பிறகு அந்தப் பிள்ளைதான் வீட்டை நூதனசாலைக்கு எழுதிக் கொடுத்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். எண்பத்தாறாம் ஆண்டு, பெப்ரவரி மாதம். புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிற ஆசிரியை ஒருவர் தன் வகுப்பை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். பல நாட்டுச் சனம். அதில் எங்கள் பெண்கள் சிலர். ஆசிரியை என்னைக் கண்டதும், “நீங்கள் உங்கள் ஆட்களுக்கு உங்கள் மொழியிலேயே சொல்லுங்களேன், மற்றவர்களை நான் மேல்மாடிக்குக் கூட்டிப்போகிறேன்” என்றார். அன்றுதான் வீட்டுக்காரியின் கதையை முதல் தடவை தமிழில் சொன்னேன். ஆங்கிலத்தில் அது ஒரு கலைஞரின் கதை. தமிழில் சொல்லச் சொல்ல அது பக்கத்து வீட்டுப் பெண்ணின் கதையாகிவிட்டது. “பாவம் மனிசி” என்றார் ஒருவர். “வேலையைப் பறிச்சுப்போட்டாங்களோ? அறுவாங்கள்” என்று திட்டினார் இன்னொருவர்.

ஒருவர் மட்டும் தனியாக நின்றார். மட்டக்களப்புப் பக்கத்துப் பெண், பெயர் யோகமலர். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு கைக்குழந்தை. கல் பிள்ளையை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றவர், “அக்கா, மத்தக் கால் சப்பாத்து எங்க?” என்று கேட்டார். தெரியாது என்றேன். அதுவரை ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

மற்றப் பெண்கள் மாடிக்குப் போனார்கள். யோகமலர் குழந்தையின் கம்பளித் தொப்பியைக் கழற்றினார். அதன் கன்னத்துக் கறுப்புப் பொட்டு அழிந்துபோயிருந்தது. கைப்பைக்குள் கையை விட்டு, ஒரு துணி முடிச்சுக்குள் விரலைத் தேய்த்து, குழந்தைக்குப் பொட்டை வைத்தார். பிறகு அதே விரலால், சிலையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு மேலால் எட்டி, கல் பிள்ளையின் கன்னத்திலும் ஒன்று வைத்தார்.

நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். தடுக்க நேரமிருக்கவில்லை. வேலைக்கு வந்த புதிதில் பொறுப்பாளர் எனக்கு ஒன்று சொல்லியிருந்தார்: “ஏதாவது நடந்தால் முதலில் கையைப் பைக்குள் போடு.” அப்போது அது எனக்கு அர்த்தமில்லாத விசர்க்கதை மாதிரி இருந்தது. அன்று என் கை கைலேஞ்சியை ஏற்கெனவே எடுத்துவிட்டது. ஈரமாக்கி ஒரு துடை துடைத்தால் முடிந்தது என்று மனம் சொன்னது. மாபிள் பார்க்கத்தான் கண்ணாடி, உண்மையில் அது உறிஞ்சும். தேய்த்தால் பொட்டு உள்ளே இறங்கும். கையைப் பைக்குள் போட்டேன்.

“என்ன செய்தனீர்?” என்றேன்.

“பொட்டு வச்சன் அக்கா.”

“கல்லுக்கோ?”

“புள்ளதானே. வாற சனமெல்லாம் இதத்தானே பாக்குது. கண்ணூறு படாதா?”

இதில் எங்கே பிழை என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. எத்தனையோ வருடமாக வருகிறவர் போகிறவர் எல்லோரும் அந்தப் பிள்ளையைத்தான் “எவ்வளவு அழகு” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஊரில் அப்படி ஒரு பிள்ளையைப் பொட்டில்லாமல் வாசலுக்கு விடமாட்டோம்.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. “பிழையா அக்கா? பொலிஸ் வருமா? என்ட கேஸ் இன்னும் முடியல்ல.”

இப்போதைய லோயர் யாரிடமும் கேட்டால் சிரிப்பார்கள்: ஒரு கறுப்புப் பொட்டுக்காக அகதிக் கேஸ் உடையுமா? அன்று எங்களுக்கு அது தெரியாது. கார் பிழையாக நிறுத்தி அபராத ரிக்கற் வாங்கினாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நம்பிய காலம். அவருடைய கணவர் கொழும்பில், இவருடைய கேஸ் சரிவந்தால்தான் அவரைக் கூப்பிடலாம். கையில் கைக்குழந்தை. பொலிஸ் என்ற சொல்லை எங்கள் ஆட்கள் எந்த நினைவோடு சொல்வார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. “நீர் வகுப்போட போம். நான் பாக்கிறன்” என்றேன். என்ன பார்ப்பேன் என்று எனக்கே தெரியாது.

சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பக்கத்துக் கன்னம் ஜன்னல் வெளிச்சத்துக்கு மறுபக்கம். யாராவது கண்டுபிடிக்க நாள் எடுக்கும், அதற்குள் யார் வைத்தது என்று ஆண்டவனுக்கும் தெரியாமல் போய்விடும். ஆனால் ஒவ்வொரு நாளும் அது கல்லுக்குள் இறங்கும். பூட்டுகிற நேரம் பொறுப்பாளரின் அறைக்குப் போனேன்.

“கல் பிள்ளையின் கன்னத்தில் ஒரு பார்வையாளர் பொட்டு வைத்துவிட்டார். கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. அவர் யாரென்று எனக்குத் தெரியும். இன்றைக்குச் சொல்லமாட்டேன்” என்றேன்.

பெப்பர்மின்ட் படீரென்று உடைந்தது. சிலையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கோபத்தில் அவருடைய குரல் இன்னும் மெதுவாகிவிடும். “சேதம் என்றால் நிர்வாக போர்டுக்குச் சொல்ல வேண்டும். போர்ட் காப்புறுதிக்காகப் பொலிசுக்குச் சொல்லும். இதில் எனக்கு விருப்பு வெறுப்பு இல்லை” என்றார். “கல்லைப் பார்க்கிறவர் நாளை மறுநாள் வருவார். அதுவரைதான் நான் பொறுப்பேன்.”

அந்தக் கல்லைப் பார்க்கிறவரை நான் கல் வைத்தியர் என்பேன். சிலைகளின் கறை, வெடிப்பு எல்லாவற்றையும் பார்க்கிறவர். சொன்ன நாள் காலையில் வந்து, கல் பிள்ளைக்கு முன்னால் முழங்காலில் இருந்து, கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இது என்ன பொருள்?”

மை என்ற சொல் என் வாய்க்குள் வந்துவிட்டது. அம்மா எனக்கு வைத்த மை ஆமணக்கெண்ணெய் விளக்குக் கரியில் செய்தது. இங்கே அடுக்குமாடிகளில் எங்கள் பெண்கள் அப்படி மை எடுக்கப்போய் நெருப்பு அலாரம் அடித்து, முழுக் கட்டடமும் பனிக்குள் சேலையோடும் சாரத்தோடும் நின்ற கதைகளும் உண்டு. ஆகவே எண்ணெயும் கரியும் என்று சொல்லிவிட்டால் போதும், யோகமலரின் பெயர் வரவே தேவையில்லை. வேலை முடிந்தது.

“எண்ணெய்ப் பொருள் என்றால் ஒரு மருந்து, தண்ணீர்ப் பொருள் என்றால் வேறு” என்றார் அவர். “மாறிப் போட்டால் கரி கல்லுக்குள் போய்விடும். பிறகு நானில்லை, எவராலும் எடுக்க முடியாது. சுரண்டிப் பார்க்கலாம், ஆனால் கன்னத்தைச் சுரண்ட எனக்கு மனமில்லை.”

அப்போதுதான் உறைத்தது. யோகமலரின் துணி முடிச்சுக்குள் என்ன இருந்தது என்று நான் காணவில்லை. என் அம்மா செய்ததைத்தான் நான் சொல்லப் பார்த்தேன். பிள்ளைகளே, எங்கள் தொழிலில் ஆபத்தான நேரம் ஒன்றும் தெரியாத நேரமில்லை, பாதி தெரிந்த நேரம்தான். “எனக்குத் தெரியாது. வைத்தவரிடம் கேட்க வேண்டும். பின்னேரத்துக்குள் வருகிறேன்” என்றேன். பொறுப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆசிரியையிடம் விலாசம் கேட்டு, ஸ்ரீற்கார் என்கிற ட்ராம் பிடித்துப் போனேன். உயர்ந்த கட்டடத்தில் ஒரு சின்ன வீடு. இன்னொரு குடும்பத்தோடு பங்குக்கு இருந்தார். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும் குழந்தையை இறுக்கிப் பிடித்தார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். “உம்மட பேரை நான் சொல்லேல்லை. பொட்டு என்னத்தில செய்ததெண்டு மட்டும் சொல்லும். நான் போய்ச் சொல்லுறன். நீர் வரத் தேவையில்லை.”

அவர் துணி முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஒரு தேங்காய்ச் சிரட்டை, அதன் அடியில் கறுப்பாக இறுகிப்போன பொட்டு. “இது எண்ணெ இல்ல அக்கா. சவ்வரிசியக் கருக்கி, தண்ணி விட்டுக் காய்ச்சி, சிரட்டையில ஊத்திக் காயவிடுறது. ஈர விரலால தேச்சா வரும். ஊரில இருந்து கொண்டுவந்த.”

எண்ணெய் இல்லை! அந்தக் கட்டடத்துப் படிக்கட்டில் ஏறி வரும்போதே மனதுக்குள் நான் எண்ணெய் என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன். போகத் திரும்பினேன்.

“நில்லுங்க அக்கா. நானும் வாறன்.”

“உமக்கு விசரே? வந்தா உம்மைத்தான் காட்டவேணும். பொலிசுக்குச் சொல்ல மாட்டினம் எண்டு என்னால சொல்லேலாது.”

“சொல்லட்டும்.” குழந்தைக்குத் தொப்பியைப் போட்டார். “நீங்கதானே சொன்ன, அந்த அம்மா எல்லாரையும் கூப்பிட்டு வச்சுக்கொண்டு, இது இவர் செஞ்ச, இது நான் செஞ்ச எண்டு சொன்னதெண்டு. வேல போகும் எண்டு தெரிஞ்சும் சொன்ன. மறுகா நான் ஒளிஞ்சிரிந்தா அவட புள்ளைக்குப் பொட்டு வச்சதில என்ன இரிக்கு?”

அந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நல்ல குரலில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவைத்து. அதைக் கேட்டு ஒருவர் அதன்படி நடக்கக்கூடும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நீங்கள் சொல்கிற கதையை யாராவது ஒருவர் நம்பிவிடுவார். அது யார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே கவனமாகச் சொல்லுங்கள்.

ஸ்ரீற்காரில் யோகமலர் கைப்பைக்குள் இருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். குழந்தை நித்திரை.

பட்டறையில் பொறுப்பாளரும் கல் வைத்தியரும் நின்றார்கள். சிலைக்குப் பக்கத்து மேசையில் தொலைபேசி இருந்தது. பொலிசைக் கூப்பிடத்தான் அன்று அது அங்கே வந்திருக்கிறது என்று எனக்கு விளங்கியது. யோகமலர் நேரே போய் நின்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “நான் செய்தேன்” என்றார். சிரட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். கல் வைத்தியர் அதை வாங்கி, ஈர விரலால் தொட்டு, தன் புறங்கையில் தேய்த்து, சுத்தத் தண்ணீர் தோய்த்த பஞ்சால் ஒற்றினார். அவருடைய தோலில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் முகத்தில் முதன்முதலாக ஒரு சிரிப்பு வந்தது. “போய்விடும்” என்றார். “முழுவதும் போய்விடும்.”

பொறுப்பாளர் சிரிக்கவில்லை. “ஏன் செய்தாய் என்று கேள்” என்றார் என்னிடம்.

எனக்குக் காரணம் தெரியும். கண்ணூறு. எங்கள் ஆட்களின் நம்பிக்கை, குழந்தைகளுக்கு அப்படி வைப்பது வழக்கம் என்று நானே நாலு வசனத்தில் நல்ல ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் காலையில் ஒருமுறை பட்டுவிட்டேன். ஆகவே கேட்டேன்: “ஏன் வைச்சனீர் எண்டு கேக்கிறா.”

யோகமலர் கல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். “இந்தச் சிரட்ட என்ட மூத்தவளுக்குக் காய்ச்சின. நாலு வயசு. அவளும் இப்பிடித்தான், ஒரு சப்பாத்தக் கழட்டிப்போட்டுத்தான் நிப்பாள். ஒவ்வொரு நாளும் காலம வச்சுவிடுவன். அண்டைக்கு ஊர விட்டு ஓடுற அவதியில வைக்க மறந்திட்டன்.” பிறகு, “அவள் வரல்ல அக்கா” என்றார்.

மூத்தவள் ஒருத்தி இருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டேன். வேலை நேரத்தில், உத்தியோக உடுப்போடு. அதற்காக நான் இன்றுவரை வெட்கப்பட்டதில்லை. நீங்களும் வெட்கப்படத் தேவையில்லை.

கல் வைத்தியர் பஞ்சை நனைத்துக்கொண்டு கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோனார். “கொஞ்சம் பொறு” என்றார் பொறுப்பாளர். “இன்னும் ஒரு நாள் இருந்தால் கல்லுக்கு ஏதும் ஆகுமா?”

“இந்தப் பொருளென்றால் ஆகாது.”

“அப்படியென்றால் நாளைக்கு எடு.” தொலைபேசியை எடுத்து வயரைச் சுற்றித் தன் அறைக்குக் கொண்டுபோகப் புறப்பட்டார். வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: “போர்டுக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு தாய் இந்தப் பிள்ளைக்குப் பொட்டு வைத்தார், நாளை கழுவுகிறோம். இதில் பொலிசுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? அவரிடம் சொல். ஆனால் நாளைக்கு எடுக்கத்தான் வேண்டும், அதையும் சொல்.”

சொன்னேன். பொலிஸ் வராது என்றதும் யோகமலர் பட்டறைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மற்றதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. “குறை நினைக்காதேயும், பொட்டு இண்டைக்கு ஒரு நாள்தான் இருக்கும்” என்றேன்.

அவர் கல் பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார்.

“ஒரு நாள்தானே அக்கா நான் மறந்த” என்றார்.